பெருக்குவதற்கு முன்: நிபந்தனை நிகழ்தகவும் சார்பின்மையும்

1. ஆய்வின் நோக்கம்

நிகழ்தகவு படித்த எவருக்கும் மறக்காத விதி ஒன்று உண்டு. இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து நடப்பதற்கான நிகழ்தகவு, அவற்றின் தனித்தனி நிகழ்தகவுகளின் பெருக்கற்பலன். இந்த விதிக்கு முன்னால் நிற்கும் ‘அவை சார்பிலா நிகழ்ச்சிகள் எனில்’ என்ற சொற்றொடர்தான் மறந்துபோகிறது. தேர்வுத்தாளில் அதைக் கேள்வி எழுதியவரே கொடுத்துவிடுகிறார். மருத்துவமனையிலும் காப்பீட்டு அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் கொடுப்பார் யாரும் இல்லை. பெருக்க விரும்புகிறவரே தேடிப் பெறவேண்டும். சார்பின்மை என்பது உலகத்தைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு செய்தி, ஆகவே அதற்குச் சான்று வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. முதலில் வரையறைகளைத் தாயக்கட்டையை வைத்துப் பார்த்துவிட்டு, சான்று இல்லாமல் பெருக்கியதால் மனிதர்கள் சிறைக்குப் போன இரண்டு வழக்குகளுக்கு வருகிறேன்.

2. கூறுவெளி

தாயம் ஆடுவதற்கு நீண்ட பித்தளைக் கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றின் நான்கு பக்கங்களிலும் முறையே புள்ளி இல்லாமை, 1, 2, 3. இரண்டையும் உருட்டினால் விழக்கூடிய இணைகள் 4 × 4 = 16. இந்தப் பதினாறும் சேர்ந்ததே கூறுவெளி. அதில் நாம் கவனிக்க விரும்பும் ஒரு பகுதி நிகழ்ச்சி. கட்டைகள் தேயாமல் சீராக இருந்தால் பதினாறு இணைகளுக்கும் சம வாய்ப்பு. எனவே ஒரு நிகழ்ச்சியின் நிகழ்தகவை எண்ணியே சொல்லிவிடலாம்.

தாயம், அதாவது ஒன்று விழுவதற்கு இரண்டே வழிகள்: முதல் கட்டையில் 1, இரண்டாவது வெறுமை; அல்லது முதலாவது வெறுமை, இரண்டாவதில் 1. ஆகவே நிகழ்தகவு 2/16, எட்டில் ஒன்று. மூன்று விழ நான்கு வழிகள் உண்டு. ஆறு விழ ஒன்றே ஒன்று. இரண்டும் வெறுமையாக விழுந்து பன்னிரண்டாகக் கணக்காவதற்கும் ஒரே வழிதான். காயை இறக்குவதற்குத் தாயத்தை நிபந்தனையாக்கிய ஆட்டம் ஏன் தொடக்கத்தில் அத்தனை பொறுமையைச் சோதிக்கிறது என்பதற்கு இந்த எட்டில் ஒன்றே விடை.

சம வாய்ப்பு இல்லாத இடத்திலும் கோட்பாடு செல்லுபடியாகவேண்டும் அல்லவா? 1933-இல் ரஷ்யக் கணிதவியலாளர் ஆந்திரேய் கோல்மோகொரொவ் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட சிறு நூல் அந்த அடித்தளத்தைப் போட்டது. எந்த நிகழ்ச்சியின் நிகழ்தகவும் எதிர்மம் ஆகாது. கூறுவெளி முழுமைக்கும் நிகழ்தகவு 1. ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளின் நிகழ்தகவுகளைக் கூட்டலாம். இந்த மூன்று அடிகோள்களில் கூட்டல் இருக்கிறது, பெருக்கல் இல்லை. பெருக்கல் அடுத்த கட்டத்தில், ஒரு வரையறையின் வழியாகத்தான் உள்ளே வருகிறது.

3. நிபந்தனை நிகழ்தகவு

முதல் கட்டை உருண்டு நின்றுவிட்டது, அதில் 1. இரண்டாவது கட்டை இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது. இப்போது தாயத்துக்கு வாய்ப்பு என்ன? பதினாறு இணைகளில் பன்னிரண்டு கழிந்துவிட்டன. மிஞ்சிய நான்கில் ஒன்றுதான் நமக்கு வேண்டியது. எட்டில் ஒன்றாக இருந்தது நான்கில் ஒன்றாகிவிட்டது. முதல் கட்டையில் 2 விழுந்திருந்தால் அதே வாய்ப்பு பூச்சியம்.

பொது வடிவம் இது. ‘ஆ’ நடந்துவிட்டது என்ற நிபந்தனையில் ‘அ’ நடப்பதற்கான நிகழ்தகவு:

நி(அ | ஆ) = நி(அ, ஆ இரண்டும்) ÷ நி(ஆ)

நி(ஆ) பூச்சியமாக இருக்கக்கூடாது என்பது மட்டுமே கட்டுப்பாடு. புதிய தகவல் வந்ததும் கூறுவெளி சுருங்குகிறது. சுருங்கிய வெளியை மீண்டும் 1 ஆக்கவே வகுக்கிறோம். வகுத்தலை இடம் மாற்றினால் பெருக்கல் விதி கிடைக்கும்:

நி(அ, ஆ இரண்டும்) = நி(ஆ) × நி(அ | ஆ)

இந்த விதி எப்போதும் உண்மை. அந்தக் கட்டுப்பாட்டைத் தவிர வேறெந்த முன்நிபந்தனையும் இதற்கு வேண்டாம். இரண்டாவது காரணியில் இருக்கும் செங்குத்துக் கோட்டைத்தான் வாசகர் கண்ணில் வைத்துக்கொள்ளவேண்டும். அதை அழித்துவிட்டு வெறும் நி(அ) என்று எழுதுவதற்குத் தனி அனுமதி தேவை.

4. சார்பின்மை

நி(அ | ஆ) = நி(அ) என்றால், அதாவது ‘ஆ’ நடந்த செய்தி ‘அ’-வின் வாய்ப்பைக் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை என்றால், அவை சார்பிலா நிகழ்ச்சிகள். அப்போது மட்டுமே கோட்டை அழிக்கலாம்.

முதலில் ஒரு பொதுவான குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளைச் சார்பிலா நிகழ்ச்சிகள் என்று எண்ணுவோர் உண்டு. உண்மை நேர் எதிரானது. ஒன்று நடந்தால் மற்றது நடக்கவே முடியாது என்பது சார்பின் உச்சம்.

அடுத்தடுத்த உருட்டல்கள் சார்பிலாதவை. கட்டைக்கு நினைவு கிடையாது. எட்டு முறை உருட்டியும் ஒரு தாயம்கூட விழாமல் போக நிகழ்தகவு 7/8-ஐ எட்டு முறை பெருக்கினால் வருவது, ஏறத்தாழ 0.34. மூன்று ஆட்டத்துக்கு ஒன்றில் நடப்பது இது. ஒன்பதாவது உருட்டலில் தாயத்தின் வாய்ப்பு அதே எட்டில் ஒன்றுதான். ‘இத்தனை நேரம் விழவில்லை, இனி விழுந்தே தீரும்’ என்ற நம்பிக்கை சூதாடிகளை அழித்த அளவுக்கு வேறெந்தக் கணக்குப் பிழையும் அழித்ததில்லை என்றே நினைக்கிறேன்.

சார்பின்மையைக் கண்ணால் பார்த்து ஊகிக்க முடியாது என்பதற்கும் தாயக்கட்டையே சாட்சி. ‘முதல் கட்டையில் ஒற்றைப்படை’ என்பது ஒரு நிகழ்ச்சி, ‘மொத்தம் ஒற்றைப்படை’ என்பது இன்னொன்று. மொத்தத்தில் முதல் கட்டையும் அடங்கியிருப்பதால் இரண்டும் சார்புள்ளவை என்றே தோன்றும். எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றின் நிகழ்தகவும் 1/2. இரண்டும் சேர்ந்து நடப்பது பதினாறில் நான்கு, 1/4. வரையறைப்படி அவை சார்பிலாதவை. ‘இரண்டாவது கட்டையில் ஒற்றைப்படை’ என்பதையும் சேர்த்துக்கொண்டால், மூன்றில் எந்த இரண்டை எடுத்தாலும் சார்பில்லை. மூன்றும் ஒருங்கே நடக்குமா? ஒற்றையும் ஒற்றையும் கூடினால் இரட்டை. ஆகவே நடக்கவே நடக்காது. கண்மூடிப் பெருக்கினால் 1/8 வரும், உண்மை விடை பூச்சியம். இணை இணையாகச் சோதித்தது போதாது என்பதைக் கணிதவியலாளர் செர்கேய் பெர்ன்ஸ்டைன் நான்முகி ஒன்றை வைத்து இதே போலக் காட்டினார்.

வரலாற்றில் இந்தக் கோட்பாடு சூதாட்டத்திலிருந்து பிறந்தது அதற்கு ஒரு வசதியும் ஒரு கேடும் ஆயிற்று. 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்களில் விவாதித்தவை பகடை உள்ளிட்ட சூதாட்டக் கணக்குகள். ஒரு பகடையை நான்கு முறை உருட்டிக் குறைந்தது ஓர் ஆறு விழும் வாய்ப்பு 0.518, இரு பகடைகளை 24 முறை உருட்டிக் குறைந்தது ஓர் இரட்டை ஆறு விழும் வாய்ப்பு 0.491 என்பவை அப்படிக் கிடைப்பவை. பகடை சார்பின்மையை இலவசமாகத் தந்துவிடுகிறது. யாரும் அதைக் கேட்டு வாங்கவேண்டியிருக்கவில்லை. சார்பிலா நிகழ்ச்சி என்பதைத் தெளிவாக வரையறுத்துக் கூறும் பணி கணிதவியலாளர் டி மோவரின் 1718 நூலில்தான் நடக்கிறது. கோல்மோகொரொவ் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். சார்பின்மைக் கருத்தை நிகழ்தகவியலின் நடுநாயகமாக வைத்த அவர், உலகில் எந்த நிகழ்ச்சிகளைச் சார்பிலாதவை என்று கொள்ளலாம் என்ற கேள்வியை இயற்கை அறிவியலின் தத்துவத்துக்கு உரியது என்று தம் நூலுக்கு வெளியே நிறுத்தினார். கணிதம் இந்த அனுமதியை வழங்குவதில்லை என்று கணிதத்தின் அடித்தளத்தை அமைத்தவரே சொல்லியிருக்கிறார்.

5. அனுமதியின்றிப் பெருக்கிய இரு வழக்குகள்

5.1 காலின்ஸ் வழக்கு

1964 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலீசின் சான் பெட்ரோ பகுதியில் ஒரு மூதாட்டியின் கைப்பை பறிக்கப்பட்டது. பொன்னிறக் கூந்தலைக் குதிரைவாலாகக் கட்டிய ஒரு பெண் ஓடியதையும், தாடியும் மீசையும் வைத்த கறுப்பினத்தவர் ஒருவர் ஓட்டிய மஞ்சள் காரில் ஏறியதையும் பார்த்ததாகச் சாட்சிகள் கூறினர். பொருந்தும் தம்பதி ஒன்று கைதானது. அரசு வழக்கறிஞர் கணித ஆசிரியர் ஒருவரைக் கூண்டில் ஏற்றிப் பெருக்கல் விதியை விளக்கச் செய்தார். பிறகு தாமே எண்களை இட்டார்: மஞ்சள் கார் 1/10, மீசை 1/4, குதிரைவால் 1/10, பொன்னிறக் கூந்தல் 1/3, தாடி வைத்த கறுப்பினத்தவர் 1/10, இனம் கலந்த தம்பதி காரில் செல்வது 1/1000. பெருக்கினால் 1 கோடியே 20 லட்சத்தில் ஒன்று. நடுவர்கள் குற்றவாளி என்றனர்.

எண்களுக்கு ஆதாரம் இல்லை என்பது ஒரு புறம். தாடி வைத்தவர் பெரும்பாலும் மீசையும் வைத்திருப்பார் என்பது யாருக்கும் தெரியும். ஆனாலும் நடுவர்களின் மனத்தில் எண்ணே நின்றது. 1968-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பின் பின்னிணைப்பில் இருக்கும் கணக்கு அழகானது. வாதத்துக்காக அந்தச் சிறு எண்ணை அப்படியே ஏற்றாலும், 1 கோடியே 20 லட்சம் தம்பதிகள் உள்ள வட்டாரத்தில் இத்தகைய தம்பதி ஒன்று இருக்கிறது என்ற நிபந்தனையில், இன்னொன்றும் இருப்பதற்கான வாய்ப்பு 40 சதவீதத்துக்கு மேல்.

5.2 சாலி கிளார்க் வழக்கு

இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற வழக்கறிஞரின் முதல் மகன் 1996 டிசம்பரில், பிறந்த 11 வாரத்தில் இறந்தான். இரண்டாவது மகன் 1998 ஜனவரியில், 8 வாரத்தில். தாய்மீது கொலை வழக்கு. 1999-இல் செஸ்டர் நகரில் நடந்த விசாரணையில் குழந்தை மருத்துவப் பேராசிரியர் ராய் மெடோ ஓர் எண்ணைச் சொன்னார். புகைப்பவர் இல்லாத, வருமானம் உள்ள, தாய்க்கு 26 வயதுக்கு மேலான குடும்பத்தில் காரணம் தெரியாத திடீர்ச் சிசு மரணம் 8,543-இல் ஒன்று என்று ஓர் ஆய்வறிக்கை மதிப்பிட்டிருந்தது. இரண்டு மரணங்கள் என்பதால் அதை அதனாலேயே பெருக்கினால் ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று. நூறு ஆண்டுக்கு ஒரு முறை நடப்பது என்று நடுவர்களுக்கு விளக்கப்பட்டது. பெரும்பான்மைத் தீர்ப்பில் சாலிக்கு ஆயுள் தண்டனை.

இங்கே செங்குத்துக் கோடு அழிக்கப்பட்டுவிட்டது. வேண்டியது முதல் மரணத்தின் நிகழ்தகவையும், முதல் மரணம் நடந்த குடும்பத்தில் இரண்டாவது மரணத்தின் நிகழ்தகவையும் பெருக்குவது. ஒரே பெற்றோர், ஒரே மரபணுச் செல்வம், ஒரே வீடு, ஒரே காற்று. நமக்குப் பெயர் தெரியாத காரணம் ஒன்று முதல் குழந்தையைக் கொன்றிருந்தால், அதே காரணம் இரண்டாவது குழந்தையின் அருகிலும் இருந்திருக்கலாம். காரணம் தெரியாத மரணம் என்று பெயரிட்டுவிட்டு, காரணங்களுக்கிடையே தொடர்பில்லை என்று எப்படிச் சொல்வது? அந்தக் குடும்பத்தில் இரண்டாவது ஆபத்து பத்து மடங்கு என்று வைத்துப் பார்த்தாலே எண் 7.3 கோடியிலிருந்து 73 லட்சத்துக்கு இறங்கிவிடும். ஆபத்தைக் குறைக்கும் மூன்று பண்புகளைக் கணக்கில் எடுத்தவர், ஆண் குழந்தைகளுக்கு இவ்வகை மரணம் அதிகம் என்பதை எடுக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

பேராசிரியர் குதிரைப் பந்தயத்தையும் உவமை காட்டினார்: வெல்லும் வாய்ப்பு மிகக் குறைந்த குதிரைமீது ஆண்டுதோறும் பணம் கட்டி ஒவ்வோர் ஆண்டும் வெல்வது போல என்றார். வெவ்வேறு ஆண்டுப் பந்தயங்கள் சார்பில்லாதவை. நிரூபிக்கவேண்டியதை உவமை நிரூபிக்காமலே நடுவர்களின் மனத்தில் குடியேற்றிவிட்டது.

2001 அக்டோபரில் ராயல் புள்ளியியல் கழகம் வெளிப்படையாகக் கண்டித்து அறிக்கை விட்டது. சார்பின்மைக்குச் சான்று காட்டப்படவில்லை என்பது அதன் முதல் குற்றச்சாட்டு. இரண்டாவது குற்றச்சாட்டு வேறு வகையானது.

6. திசை மாறிய நிபந்தனை

நி(அ | ஆ) வேறு, நி(ஆ | அ) வேறு. 10,000 பேரில் 100 பேருக்கு ஒரு நோய் இருப்பதாகக் கொள்வோம். பரிசோதனை, நோயாளிகளில் 90 சதவீதத்தினரைச் சரியாகக் காட்டும். நோயற்றவர்களில் 9 சதவீதத்தினரைத் தவறாகக் காட்டும். நோயுள்ள 90 பேரும் நோயற்ற 891 பேரும் ‘பாசிட்டிவ்’ என்ற சீட்டோடு வெளியே வருவார்கள். 981 சீட்டுகளில் உண்மையான நோயாளிகள் 90, நூற்றுக்கு ஒன்பது. நோய் இருந்தால் பாசிட்டிவ் வரும் வாய்ப்பு 90 சதவீதம். பாசிட்டிவ் வந்தால் நோய் இருக்கும் வாய்ப்பு 9 சதவீதம். இரண்டையும் இணைக்கும் தேற்றம் தாமஸ் பேயஸ் இறந்தபின், 1763-இல், நண்பர் ரிச்சர்ட் பிரைஸின் முயற்சியால் அச்சேறியது. அதே ரத்தத்தை அதே முறையில் மறுபடி சோதித்தால் உறுதியாகிவிடும் என்று நினைப்பவருக்கும் நான்காம் பகுதி பொருந்தும். தவறு அந்த ரத்தத்தில் உள்ள ஏதோ ஒன்றால் வந்திருந்தால், இரண்டாவது முறையும் அதே தவறு வரும்.

புள்ளியியல் கழகத்தின் இரண்டாவது குற்றச்சாட்டு இதைப் பற்றியதே. நீதிமன்றத்தில் திசை இப்படி மாறியது: தாய் நிரபராதி என்ற நிபந்தனையில் இரண்டு இயற்கை மரணங்களுக்கு வாய்ப்பு சொற்பம் என்பதை, இரண்டு மரணங்கள் நடந்த நிபந்தனையில் தாய் நிரபராதியாக இருக்க வாய்ப்பு சொற்பம் என்று நடுவர்கள் எடுத்துக்கொள்ள இடம் கொடுக்கப்பட்டது. இரு சிசுக்கள் இறந்துவிட்டன. அது நடந்து முடிந்த நிபந்தனை. ஒப்பிடவேண்டியவை அந்த வெளிக்குள் மிஞ்சியிருக்கும் விளக்கங்கள். ஒரு தாய் தன் இரு குழந்தைகளையும் அடுத்தடுத்துக் கொல்வதும் மிக அரிது. சால்ஃபர்டு பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ரே ஹில் 2004-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு குழந்தை இறக்கும் இடங்களில் திடீர் மரணம் கொலையைவிட ஏறத்தாழ 17-க்கு 1 என்ற விகிதத்தில் மிகுதி. இரண்டு குழந்தைகள் இறக்கும் இடங்களில் 9-க்கு 1. விகிதம் குறைகிறது, சந்தேகம் கூடுகிறது. ஆனாலும் தராசு நிரபராதியின் பக்கமே சாய்கிறது. 7.3 கோடி என்ற எண் இந்தத் தராசில் ஏறவே முடியாதது, ஏனெனில் அது ஒரு தட்டை மட்டும் அளந்த எண்.

2000-இல் முதல் மேல்முறையீடு தள்ளுபடியானது. பிறகு, இரண்டாவது குழந்தையின் உடலில் பாக்டீரியத் தொற்று இருந்ததைக் காட்டிய ஆய்வகச் சோதனை முடிவுகள் சாலியின் தரப்புக்குத் தெரிவிக்கப்படாமல் இருந்தது வெளியே வந்தது. அந்த ஒரு தகவலால் நிபந்தனையே மாறியது. 2003 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து சாலியை விடுவித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2007 மார்ச்சில் அவர் இறந்தார். பொது மருத்துவக் கழகம் 2005-இல் மெடோவைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. மறு ஆண்டு உயர் நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. 2003 தீர்ப்பு ஆய்வக முடிவுகளின் அடிப்படையில் வந்ததுதான். ஆனால் புள்ளியியல் சாட்சியத்தின் மீது முழு வாதம் நடந்திருந்தால், அது ஒன்றே மேல்முறையீட்டை ஏற்கத் தனிக் காரணமாகப் பெரும்பாலும் அமைந்திருக்கும் என்று நீதிபதிகள் அதிலேயே பதிவு செய்திருக்கிறார்கள்.