நிலம் இறுகும் காலமும் குடியேறும் காலமும்: கடல்மீட்பு நிலக் குடியிருப்புகளில் பொது வசதிகள்

கடலை விலக்கிப் பெற்ற நிலத்தில் ஊர் அமைப்போருக்கு மற்ற திட்டமிடுவோருக்குக் கிடைக்காத ஒரு விடுதலை உண்டு. கையகப்படுத்த வேண்டிய வயல் இல்லை, இடம்பெயர்க்க வேண்டிய குடும்பம் இல்லை, வளைந்து போக வேண்டிய பழைய தெருவும் இல்லை. இந்த விடுதலைக்கு ஒரு விலை இருப்பதைத் திட்ட ஆவணங்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. பழைய நகரத்தின் ஓரத்தில் எழும் புதுக் குடியிருப்பில் முதல் ஆண்டு குடிவருபவர் பக்கத்துத் தெருவின் சந்தையை, மருத்துவரை, பள்ளியை, வழிபாட்டிடத்தை நாடலாம். திட்டத்தில் விடுபட்டதைப் பழைய ஊர் ஈடுகட்டிவிடும். கடல்மீட்பு நிலத்தில் அப்படி ஈடுகட்ட யாரும் இல்லை. திட்டத்தில் இல்லாதது வாழ்விலும் இல்லை.

பொது வசதிகளைத் திட்டமிடும்போது 'எத்தனை பேருக்கு எத்தனை' என்று கேட்பதே வழக்கம். கடல்மீட்பு நிலத்தில் அதைவிட முதன்மையான கேள்விகள் 'எப்போது' என்பதும் 'எவ்வளவு காலத்துக்கு' என்பதுமே என்று இக்கட்டுரை வாதிடுகிறது. நெதர்லாந்தில் கரைகட்டி நீரிறைத்துப் பெற்ற போல்டர் நிலங்களும் ஆம்ஸ்டர்டாமின் எய்பர்க் தீவுகளும் சிங்கப்பூரின் மரின் பரேட் வட்டாரமும் இதற்குச் சான்று தருகின்றன.

விகிதக் கணக்கின் வேர் 1929இல் அமெரிக்கரான கிளாரன்ஸ் பெரி நியூயார்க் வட்டாரத் திட்டத்துக்காக எழுதிய 'அண்டைக்குடியிருப்பு அலகு' என்ற கருத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு தொடக்கப்பள்ளி; குழந்தைகள் பெருஞ்சாலையைக் கடக்காமல் நடந்து போகும் தூரத்தில் வீடுகள்; ஓரங்களில் கடைகள். அந்தப் பள்ளியை நிரப்பத் தேவையான மக்கள்தொகையே குடியிருப்பின் அளவைத் தீர்மானித்தது. எளிமையும் மனிதநேயமும் உள்ள கருத்து இது. உலகின் பல நாடுகளில் இன்றும் புழங்கும் அளவுகோல் அட்டவணைகள் இதன் வழிவந்தவையே. ஆனால் பெரி வரைந்தது நிறைந்து முடிந்த ஒரு குடியிருப்பு. எல்லா வீட்டிலும் ஆள் இருக்கிறார்கள், எல்லா வயதினரும் கலந்திருக்கிறார்கள். புதுநிலத்தில் முதல் பத்தாண்டுகளுக்கு அப்படி ஒரு நிலை வருவதில்லை. வந்த பிறகும் அது நிலைப்பதில்லை.

நெதர்லாந்தில் 1916ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு 1918இல் சைடர்சே வளைகுடாவை அடைக்கும் சட்டம் நிறைவேறியது. பொறியாளர் கார்னெலிஸ் லேலி வகுத்த திட்டப்படி 1932இல் பெருந்தடுப்பணை முடிந்தது. உள்ளே கரைகட்டி, நீரை இறைத்து, ஒன்றன்பின் ஒன்றாக நிலங்கள் வெளிப்பட்டன. 1942இல் நீர் வற்றிய நோர்ட்ஓஸ்ட்போல்டரில் திட்டமிட்டோர் மிகுந்த அக்கறையோடு வேலை செய்தார்கள். முந்தைய வீரிங்கர்மேர் நிலத்தில் ஊர்கள் ஒழுங்கில்லாமல் அமைந்ததாக எழுந்த விமர்சனம் அவர்கள் நினைவில் இருந்தது. இம்முறை நடுவில் எம்மலோர்ட் என்ற நகரம், அதைச் சுற்றி வளையமாகப் பத்துச் சிற்றூர்கள். பண்ணைத் தொழிலாளியும் பள்ளிப் பிள்ளையும் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரமே ஊர்களுக்கு இடையிலான அளவு. அன்றைய டச்சுச் சமூகம் சமயப் பிரிவுகளாகத் தனித்தனியே வாழ்ந்ததால் சிற்றூர்களுக்கும் பிரிவுக்கு ஒன்றாகத் தேவாலயமும் பள்ளியும் தேவைப்பட்டன. நவீனக் கட்டடக் கலைஞர்கள் கூடி வடிவமைத்த நாஹல ஊரில்கூட, தட்டையான கூரைகளுக்கு நடுவே, மூன்று தேவாலயங்களும் மூன்று பள்ளிகளும் எழுந்தன.

இவ்வளவு கவனமான திட்டத்தில் எது தவறியது? தூரக் கணக்கிலும் தலைக் கணக்கிலும் பிழை இல்லை. ஆனால் இரண்டுமே ஒரு குறிப்பிட்ட பத்தாண்டின் கணக்குகள். ஊர்கள் கட்டி முடிவதற்குள் டிராக்டர் வந்து பண்ணைத் தொழிலாளர் தேவையைக் குறைத்தது. கார் வந்ததும் ஐந்து கிலோமீட்டர் ஒரு பொருட்டாக இல்லாமல் போயிற்று. கோயிலுக்குப் போவோரும் குறைந்தார்கள். சிற்றூர்கள் எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை; அவற்றின் கடைகளும் பள்ளிகளும் ஆளின்றித் தடுமாறின. நாஹலவின் கத்தோலிக்கத் தேவாலயம் இன்று அந்த ஊர் உருவான கதையைச் சொல்லும் அருங்காட்சியகம். அதை நான் தோல்வியின் சின்னமாகக் கருதவில்லை. கட்டடம் வேறு பயனுக்கு மாற முடிந்தது என்பதே முக்கியம். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மட்டுமே இருக்க முடியும் என்று கட்டியிருந்தால், ஒரு தலைமுறைக்குள் அது வெறும் சுமையாகியிருக்கும்.

அடுத்து 1957இல் வறண்ட கிழக்கு ஃபிளேவோலாந்தில் இந்தப் பாடம் உடனே உணரப்பட்டது. முதலில் எண்ணியிருந்ததைவிட ஊர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்து டிரொன்டன், ஸ்விஃப்டர்பான்ட், பிடிங்ஹவுசன் என மூன்றாக முடிந்தது. 1967இல் டிரொன்டனில் ஃபிராங்க் ஃபான் கிளிங்கரன் வடிவமைத்த 'டெ மேர்பால்' திறக்கப்பட்டது. கண்ணாடியால் சூழ்ந்த ஒரு பெருங்கூடம். நாடகமும் விளையாட்டும் சந்தையும் உணவருந்தலும் கூட்டங்களும் நடுச்சுவரின்றி ஒரே கூரையின் கீழ். நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்து, ஒருவரை ஒருவர் அறியாமல், தத்தம் சமயப் பிரிவுக்குள் வாழப் பழகியிருந்த குடியேறிகளைச் சந்திக்க வைப்பதே அதன் நோக்கம். சத்தம் ஒரு தொல்லையாக இருந்தது. பின்னாளில் உள்ளே தடுப்புகளும் எழுந்தன. ஆனாலும் பொது வசதி பற்றிய சிந்தனையில் அது ஒரு பெரிய பாய்ச்சல் என்றே மதிப்பிடுகிறேன். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரியாத இடத்தில், எதுவும் நடக்கக்கூடிய ஓர் இடத்தை முதலில் கொடுத்தார்கள்.

தெற்கு ஃபிளேவோலாந்து 1968இல் வறண்டது. அங்கே எழுந்த அல்மேரே நகரில் 1976 இறுதியில் முதல் குடும்பங்கள் சாவி பெற்றன. இன்று அங்கே 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். நகரைப் பல மையங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே முழுமையாக்கி, பேருந்துக்குத் தனிப்பாதை ஒதுக்கிய அறிவார்ந்த திட்டம் அது. ஆனால் ஆம்ஸ்டர்டாமோடு இணைக்கும் ரயில் 1987இல்தான் வந்தது. மருத்துவமனை 1991இல். பதினைந்து ஆண்டுகள் என்பது ஒரு குழந்தை பிறந்து பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாய்க்கு வரும் காலம். அந்தத் தலைமுறைக்கு வேலையும் அவசரச் சிகிச்சையும் பழைய நிலத்தோடு இணைக்கும் பாலத்துக்கு அப்பால்தான் இருந்தன. மக்கள்தொகை ஒரு குறிப்பிட்ட எண்ணை எட்டினால்தான் மருத்துவமனைக்கு அனுமதி என்ற விதி கணக்காளருக்கு நியாயமாகத் தோன்றலாம். ஆனால் அந்த எண்ணை எட்டும்வரை காத்திருப்பவர்கள், நம்பிக்கை வைத்து முதலில் வந்தவர்கள்.

இனி நிலத்தின் காலம். நீரை இறைத்துப் பெற்ற நிலமும் மணல் கொட்டி உயர்த்திய நிலமும் இதில் வேறுபடுகின்றன. முன்னது சேற்றுக்களி, ஃபிளேவோலாந்தில் அதை உலர்த்த விமானத்திலிருந்து நாணல் விதைகளைத் தூவினார்கள். பின்னதில் அடியிலுள்ள மென்களி மேலே ஏறிய மணலின் எடையால் நீரை வெளியேற்றி மெல்ல மெல்ல அமிழ்கிறது. வடிகால் செருகுவதும் கூடுதல் மணல் பாரம் ஏற்றுவதும் அதை விரைவாக்குமே தவிர, காத்திருப்பு தவிர்க்க முடியாதது. பொறியாளர்கள் இதைச் செலவாகவே பதிவு செய்கிறார்கள். சமூகத் திட்டமிடலோ இந்தக் காலத்தை அநேகமாகக் கண்டுகொள்வதில்லை.

எய்பர்க் இதற்கு விதிவிலக்காக அமைந்த விதம் கவனிக்கத்தக்கது. ஆம்ஸ்டர்டாமின் கிழக்கே ஏரியில் தீவுகள் அமைக்கும் திட்டத்தை 1997ஆம் ஆண்டு பொது வாக்கெடுப்பில் வாக்களித்தோரில் பெரும்பான்மையினர் எதிர்த்தார்கள். ஆனால் திட்டத்தை நிறுத்தத் தேவையான எண்ணிக்கை எட்டவில்லை. மணலை மெல்லிய அடுக்கு அடுக்காகத் தெளித்துத் தீவுகள் எழுந்தன. இலக்கு 18,000 வீடுகள், 45,000 மக்கள். 2002 இறுதியில் முதலில் வந்தவர்களுக்கு ட்ராம் 2005 மே மாதத்தில்தான் கிடைத்தது. இடைக்காலத்தில், வீடு எழும் முறை வராத வெறும் மணற்பரப்பில், 2003இல் 'பிளெய்பர்க்' என்ற கடற்கரைக் கொட்டகை தோன்றியது. உணவு, இசை, குழந்தைகள் விளையாட மணல். கட்டுமானம் நெருங்க நெருங்க அது இடம் மாறிக்கொண்டே இருந்தது. இளைய தலைமுறையினர் அந்தத் தீவுகளை ஊராக உணரத் தொடங்கியதில் அந்தக் கொட்டகைக்கு, எந்த அட்டவணையிலும் இடம்பெறாத அந்த வசதிக்கு, பெரும் பங்கு உண்டு என்பது என் கருத்து. நிலம் இறுகக் காத்திருக்கும் ஆண்டுகளில் பாரமற்ற கூடாரங்களும் விளையாட்டுத் திடல்களும் நாற்றங்காலும் சந்தையும் அந்த நிலத்தில் இருக்க முடியும். அவற்றுக்கு ஆழ அடித்தளம் வேண்டியதில்லை.

எய்பர்க் திட்டத்தின் இன்னொரு முடிவும் பாராட்டுக்குரியது. முக்கிய வீதிகளில் தரைத்தளங்களின் உயரத்தை வழக்கத்தைவிடக் கூட்டினார்கள். இன்று வீடாக இருப்பது நாளை கடையாகவோ மருந்தகமாகவோ மழலையர் பள்ளியாகவோ மாறலாம் என்ற முன்யோசனை அது. ஆனால் 2004இல் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் இயற்கைப் பாதுகாப்பை முன்னிட்டு இரண்டாம் கட்டத்தை நிறுத்தியபோது இன்னொரு சிக்கல் வெளிப்பட்டது. 45,000 பேரை நம்பி வகுத்த வசதிகளை அதைவிட மிகக் குறைந்த மக்களே தாங்க வேண்டியதாயிற்று. இறுதி எண்ணிக்கையை அடிப்படையாகக் கொள்ளும் திட்டம் எதுவும், பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் விடை வைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் குடியிருப்பவரிடமே விட்டுவிட்டால் என்ன என்ற வாதமும் எழுகிறது. அல்மேரேயின் கிழக்கிலுள்ள ஊஸ்டர்வோல்ட் பகுதி அந்த வழியைத் தேர்ந்தது. மனை வாங்குவோர் தங்கள் சாலையைத் தாங்களே அமைக்க வேண்டும், கழிவுநீரைத் தாங்களே சுத்திகரிக்க வேண்டும், மனையின் ஒரு பகுதியில் பயிர் செய்ய வேண்டும். தோட்டங்கள் அழகாக எழுந்தன. ஆனால் பள்ளிக்கு யார் மனை ஒதுக்குவது? தன் குழந்தைக்குப் பள்ளி வேண்டும் என்று எல்லோரும் விரும்பலாம். தன் மனையைப் பள்ளிக்குக் கொடுக்க யாருக்கும் காரணம் இருக்காது. பொது வசதிக்கான நிலத்தை முதலிலேயே ஒதுக்கி வைக்கும் கடமையிலிருந்து அரசு விலக முடியாது என்பதை இந்தச் சோதனை தெளிவாக்கியது.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு சிங்கப்பூர். 1966இல் தொடங்கிய ஈஸ்ட் கோஸ்ட் நிலமீட்புக்காகப் பிடோக் பகுதிக் குன்றுகளின் மண் கடலுக்குச் சென்றது. 1970களில் அந்த நிலத்தில் எழுந்த மரின் பரேட், முழுக்க முழுக்கக் கடல்மீட்பு நிலத்தில் அமைந்த முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) குடியிருப்பு. நெதர்லாந்தில் கண்ட தாமதம் இங்கே பல வசதிகளில் இல்லை. வீவகவே நிலத்துக்கும் வீட்டுக்கும் கடைக்கும் பொறுப்பு என்பதால் சந்தையும் உணவங்காடியும் வீடுகளோடு வந்தன. 1978இல் நூலகமும் வந்தது. அடுக்குமாடி புளோக்குகளின் திறந்த கீழ்த்தளம் திருமணத்துக்கும் ஈமச்சடங்குக்கும் முதியோர் மூலைக்கும் மாறி மாறிப் பயன்பட்டது. மலாய்த் திருமணமும் சீனர் இறுதிச்சடங்கும் நடக்கும் அந்த இடத்தில் தமிழ்க் குடும்பங்களும் உரிமையோடு கூடின. சுவர் போடாமல் விட்டதுதான் அதன் சிறப்பு. டெ மேர்பால் ஒரே கட்டடத்தில் முயன்றதை இங்கே ஒவ்வொரு புளோக்கும் சிறிய அளவில் செய்தது.

ஆனாலும் இங்கும் காலம் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. கடலை ஒட்டி எழுந்த குடியிருப்புக்கும் கடற்கரைப் பூங்காவுக்கும் இடையே விரைவுச்சாலை ஓடுகிறது. சுரங்க நடைபாதை வழியேதான் கடலை அடைய முடியும். பெருவிரைவு ரயில் மரின் பரேட்டுக்கு 2024 ஜூனில்தான் வந்தது. 1970களில் இளம் தம்பதியராகக் குடிவந்தவர்கள் அதற்குள் எழுபதைக் கடந்துவிட்டார்கள். புதுநிலத்தில் ஒரே ஆண்டுகளில், ஒரே வயதினர், ஒரே அளவு வீடுகளில் குடியேறுகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஒரே சமயத்தில் பள்ளியை நிறைத்து, ஒரே சமயத்தில் வெளியேறுகிறார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்தே முதுமை அடைகிறார்கள். பள்ளியின் தேவை மலையாக எழுந்து சரிகிறது. மருந்தகத்தின் தேவை மெல்லத் தொடங்கி ஏறிக்கொண்டே போகிறது. 99 ஆண்டுக் குத்தகையுள்ள வீடுகளில் இந்தச் சுழற்சி ஒருமுறையோடு நிற்பதில்லை.

முன்கூட்டியே வசதிகளைக் கட்டுவது வீண்செலவு என்ற எதிர்வாதத்தைத் தள்ளிவிட முடியாது. மனை விற்ற பணம் பின்னால் வருகிறது, பள்ளிக்கும் பேருந்துக்கும் செலவு முன்னால் வருகிறது. நிலமீட்பையும் கட்டுமானத்தையும் குடியேற்றத்தையும் அரசே சுமந்தபோது போல்டர் நிலங்களில் இந்த இடைவெளியைத் தாங்க முடிந்தது. தனியார் மனை விற்பனையை நம்பும் திட்டத்தில் அது எளிதல்ல. ஆனால் கடலில் மணல் கொட்டுவதற்கே பெருந்தொகை செலவிட்டு, வருவாயே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நிலம் இறுகக் காத்திருக்கச் சம்மதிக்கும் ஓர் அரசு, பாதி நிரம்பிய பேருந்தைச் சில ஆண்டுகள் ஓட்டத் தயங்குவது பொருந்தாது. அந்தச் செலவை நிலமீட்புச் செலவின் பகுதியாகவே முதலிலிருந்து எழுத வேண்டும்.

இந்த வாதத்துக்கு இப்போது ஓர் அவசரம் இருக்கிறது. 2023 நவம்பரில் சிங்கப்பூர் அறிவித்த 'லாங் ஐலண்ட்' திட்டத்தின்படி ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்கு முன்னால் ஏறத்தாழ 800 ஹெக்டேர் நிலம் உருவாகும். உயரும் கடல்மட்டத்திலிருந்து தாழ்வான கரையைக் காப்பது, நன்னீர்த் தேக்கம் அமைப்பது, வீடுகளுக்கும் பூங்காக்களுக்கும் இடம் தருவது என அதன் நோக்கங்கள் பல. நிலம் எழப் பல பத்தாண்டுகள் ஆகும். மரின் பரேட் அப்போது அந்தப் புதுநிலத்தின் பழைய ஊராக இருக்கும். கடல்மீட்பு நிலத்துக்கு வழக்கமாக வாய்க்காத ஒன்று, சாய்ந்துகொள்ள ஓர் அண்டை ஊர், இங்கே வாய்க்கிறது. நடுவே வரவிருக்கும் நீர்த்தேக்கத்தைக் கடக்கும் நடைபாலங்கள் முதல் வீட்டுக்கு முன்பே அமைந்தால், பழைய வட்டாரத்தில் காலியாகும் வகுப்பறைகளில் புதுநிலத்துப் பிள்ளைகள் படிக்கலாம்; புதுநிலத்தின் மருந்தகத்துக்குப் பழைய வட்டாரத்து முதியோர் நடந்து போகலாம். வீடுகளை ஒரே அலையாக நிரப்பாமல், வேறுபட்ட அளவுகளில், பத்தாண்டு இடைவெளிகளில் ஒதுக்கினால் வயதுக் குவியல் தணியும். பொதுப் பயனுக்கான மனைகளில் ஒரு பகுதியை எதற்கு என்று பெயர் சூட்டாமல், எவருக்கும் விற்காமல், முதல் தலைமுறை முடிவெடுக்கும் நாள்வரை சட்டப்படி காத்து வைக்க வேண்டும்.