முள்ளந்தண்டில் ஒரு தவறான இணைப்பு



நான் வைத்தியன் அல்லன். வணிகவியல் படித்து, கணக்கெழுதிப் பிழைப்பவன். ஆனாலும் இம்மாதப் பேச்சுக்கு ஒரு நோயின் வரலாற்றை எடுத்திருக்கிறேன். அரிதான நோய்தான். எனினும் பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு வருவது. அதன் தொடக்கமோ, நாங்கள் "நாரிப்பிடிப்பு", "கால் விறைப்பு" என்று சொல்லித் தள்ளிப்போடுவதைப் போலவே இருக்கும்.

நாடி அழுத்தத்தோடு குருதியைக் கொண்டுபோகிறது. நாளம் குறைந்த அழுத்தத்தில் அதைத் திருப்பிக் கொண்டுவருகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள மயிர்க்குழாய்கள் அந்த அழுத்தத்தைத் தணிக்கின்றன. முண்ணாணைச் சுற்றியுள்ள தடித்த உறையில் ஒரு சிறு நாடி நேரே நாளத்துக்குள் திறந்துவிட்டால், முண்ணாணின் நாளங்களில் அழுத்தம் ஏறும். குருதி வடிய வழியின்றித் தேங்க, முண்ணாண் வீங்கிப் பழுதாகும். கால்கள் சோரும், விறைக்கும். பிறகு சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டை இழக்கும்.

1926இல் பாரிஸில் ஃபுவா, அலாஜுவானின் என்னும் இரு நரம்பியல் வைத்தியர்கள், கால்கள் படிப்படியாகச் செயலிழந்து இறந்த இருவரைப் பற்றி எழுதினார்கள். முண்ணாண் சிதைந்திருந்தது, அதன் குருதிக் குழாய்கள் தடித்திருந்தன. நீண்டகாலம் இது மீளாத நோயென்றே கருதப்பட்டது.

உயிரோடிருப்பவரின் குருதிக் குழாய்களை எளிதாகப் படம்பிடிக்க வழி திறந்தது 1953இல். சுவீடனைச் சேர்ந்த செல்டிங்கர், ஊசியால் நாடியைத் துளைத்து, மெல்லிய கம்பியைச் செலுத்தி, அதன்மேல் குழாயை நகர்த்தும் முறையை வெளியிட்டார். 1960களில் பாரிஸில் ஜின்ஜியானும் அமெரிக்காவில் டி கிரோவும் முண்ணாணுக்குப் போகும் நாடிகளைத் தனித்தனியே படம்பிடித்தார்கள். 1968இல் டொப்மன், டி கிரோ, ஒமாயா மூவரும், முதுகைத் திறக்காமல் குழாய் வழியாகவே பிழையான குருதிக் குழாய்களை அடைத்ததை அறிவித்தார்கள். இவர்களில் ஒமாயா, லாகூரில் மருத்துவம் படித்து அமெரிக்காவில் குடியேறியவர்.

ஆனால் எதை அடைப்பது? முண்ணாணின் மேல் புடைத்துக் கிடந்த நாளங்களே நோய் என்றெண்ணி, சத்திரசிகிச்சை நிபுணர்கள் அவற்றை உரித்தெடுத்து வந்தார்கள். 1977இல் லண்டனில் கெண்டலும் லோகும், பல நோயாளிகளில் பிழை அங்கே இல்லை, வெளியுறையிலுள்ள சிறு இணைப்பிலேயே இருக்கிறது என்று காட்டினார்கள். புடைத்த நாளங்கள் அதன் விளைவு மட்டுமே. எனக்கு இந்த இடம் நன்றாக விளங்கியது. பேரேட்டில் மொத்தம் பிழைத்தால் மொத்தத்தை அழித்தெழுதிப் பயனில்லை; பிழை புகுந்த பதிவைத் தேட வேண்டும்.

அடைக்கும் பொருளிலும் பாடம் இருந்தது. சிறு துகள்களால் அடைத்தவர்களில் பலருக்குச் சில மாதங்களில் வழி மீண்டும் திறந்துகொண்டது. பின்னர் திரவப் பசை வந்தது. அது இணைப்பைக் கடந்து நாளத்தின் தொடக்கம்வரை போய் இறுகினால்தான் பயன். நாடியோடு நின்றுவிட்டால் வேறு கிளைகள் அந்த இணைப்புக்குக் குருதியூட்டும். இன்று பெரும்பாலும் தொடையிடுக்கில் சிறு துளையிட்டே இதைச் செய்கிறார்கள். அதே நாடியிலிருந்து முண்ணாணுக்கும் கிளை போனால் பசை ஆபத்து. அப்போது முதுகைத் திறந்து, குருதி ஏறும் அந்த நாளத்தைத் துண்டிக்கும் சத்திரசிகிச்சையே பாதுகாப்பானது.

1974இல் லண்டனில் அமினோஃபும் லோகும் எழுதிய ஆய்வின்படி, சிகிச்சையில்லாமல் மூன்று ஆண்டுகளில் பாதிப்பேர் கடுமையாக முடங்கினார்கள். இணைப்பை மூடினால் நோய் பொதுவாக அங்கேயே நிற்கும். பலருக்கு நடை ஓரளவு திரும்பும். இழந்த சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்புவது குறைவு. அதனால் நாள் கடத்தக் கூடாது.

எங்கள் வீடுகளில் நாள் கடப்பது எப்படியென்று எல்லோருக்கும் தெரியும். மகள் மொழிபெயர்க்க, தகப்பன் சிறுநீர்ச் சங்கடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, "நாரி நோகுது" என்பதோடு நிறுத்திக்கொள்வார். வைத்தியருக்கோ அந்தச் சொல்லாத பாதிதான் வேண்டும். ஐயாமாரே, மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள். நடக்க நடக்கக் கால் சோர்கிறதா, விறைப்பு மேலேறுகிறதா, சிறுநீர் போவது மாறியிருக்கிறதா, அனைத்தையும் சொல்லுங்கள். நாரியை மட்டுமல்லாமல் முண்ணாண் முழுவதையும் எம்.ஆர்.ஐ. ஸ்கானில் பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள்.

அடுத்த மாதம் வேறொரு பேச்சில் சந்திப்போம்.