பெயரை விட்டுப் போன சர்க்கரை

அமெரிக்காவில் பேட்டில் கிரீக் என்ற ஊரில் ஆரோக்கிய விடுதி நடத்தி வந்தவர் டாக்டர் ஜான் கெல்லாக். அங்கே நோயாளிகளுக்காக 1894-இல் அவரும் தம்பி வில்லும் கோதுமையை வேகவைத்து அவல்போல் தட்டினார்கள். அண்ணனுக்குச் சர்க்கரை ஆகாது. 1906-இல் தம்பி தனிக் கம்பெனி கண்டார். சர்க்கரையும் கூடவே நுழைந்தது.

1953-இல் அந்தக் கம்பெனி குழந்தைகளுக்கென்றே 'ஷுகர் ஸ்மாக்ஸ்' விற்றது. எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை! விளம்பரம் இன்னதென்று அறியாத சிறுவர்களிடம் டெலிவிஷனில் இப்படி விற்பதை 1978-இல் மத்திய வர்த்தக ஆணையம் தடுக்கப் பார்த்தது. 1980-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டு அதன் கையைக் கட்டிவிட்டது.

அந்தப் பத்தாண்டிலேயே பண்டம் 'ஹனி ஸ்மாக்ஸ்' ஆயிற்று. பெயரில் தேன் வந்தது. 2008-இல் சோதித்தபோதும் உள்ளே பாதிக்கு மேல் சர்க்கரைதான். டப்பாவின் ஓரத்துப் பொடி எழுத்தை எந்தக் குழந்தை படிக்கப் போகிறது?