வைரத்தோட்டின் வரலாறு

தாலிக்கு அடுத்தபடியாகத் தமிழ்ப் பெண்டிர் போற்றும் அணி எது என்று வினவினால், தோடு என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். கழுத்தணி சேலைத் தலைப்பில் மறைந்துவிடும். வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வேலை பார்ப்பதும் உண்டு. தோடோ எந்நேரமும் முகத்தை அடுத்து நின்று ஒளி வீசுவது. அதிலும் வைரத்தோடு என்றால் கேட்கவேண்டுவதில்லை. பெண்ணைப் பெற்றவர் பல்லாண்டு சீட்டுக் கட்டிச் சேர்த்து வாங்குவதும், பாட்டியின் தோடு பேத்தியின் காதுக்கு வருவதும் நம் குடும்பங்களில் நாம் அன்றாடம் காண்பனவே. இத்துணைப் பெருமை வாய்ந்த இவ்வணியின் வரலாற்றை நம் சங்கத்தின் ஆண்டு மலரில் ஓரளவேனும் எழுதி வைப்பது பொருத்தமாகும் என்று கருதுகிறோம்.

தோடு என்னும் சொல்லுக்கு இதழ், ஓலை என்பன பழம் பொருள்கள். பனையோலையைச் சுருட்டிக் காதில் செருகிக்கொண்ட எளிய வழக்கமே, பின்னாளில் பொன்னாலும் மணியாலும் செய்த அணிக்குப் பெயர் தந்தது. திருஞானசம்பந்தர் அருளிய முதற் பதிகம் இச்சொல்லைக் கொண்டே தொடங்குகிறது. திருவானைக்காவில் அகிலாண்டேசுவரியின் சினம் தணிய ஆதிசங்கரர் தாடங்கம் அணிவித்தார் என்பது மரபு. ஏழையின் ஓலையாகவும் இறைவியின் தாடங்கமாகவும் விளங்கிய அணியில் வைரம் வந்து அமர்ந்த கதை, கடல் கடந்து செல்லும் கதையாகும்.

குற்றத்தை எழுதி வைத்தவர்கள்

வைரத்தை ஆராய்ந்து கொள்ளும் அறிவு நம் நாட்டிற்குப் புதியதன்று. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் வைரம் கிடைக்கும் இடங்களையும் அதன் இலக்கணத்தையும் கூறுகிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், மதுரையின் மணிக்கடை வீதியைக் காணும் கோவலனோடு நாமும் செல்கிறோம். அங்கே வைரத்திற்குரிய நான்கு குற்றங்களை இளங்கோவடிகள் பெயர் சொல்லிக் குறிக்கிறார். காக்கையின் காலடி போலக் கீறிய காகபாதம், கறையாகிய களங்கம், புள்ளியாகிய விந்து, கோடாகிய ஏகை என்பன அவை. இன்று வணிகர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தேடுபவையும் ஏறத்தாழ இவையே.

இதனினும் வியப்புக்குரியது தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுச் செய்தி. 1010-ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்ற அக்கோயிலுக்கு முதலாம் இராசராசனும் அவன் குடும்பத்தாரும் அளித்த அணிகலன்கள் ஒவ்வொன்றும் கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளன. பொன்னை நிறுப்பதற்கு ஆடவல்லான் என்ற கல்லும், மணிகளை நிறுப்பதற்குத் தட்சிணமேரு விடங்கன் என்ற கல்லும் தனித்தனியே இருந்தன. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எடை நுணுக்கமாகக் கூறப்படுகிறது. அரக்கும் நூலும் சேர்ந்த எடையாயின் அதுவும் மறைக்கப்படவில்லை. வைரங்களுள் விளிம்பு மழுங்கியவை எவை, சதுரமானவை எவை, விரிசல் உற்றவை எவை, செம்புள்ளியும் கரும்புள்ளியும் கொண்டவை எவை என்பதும் அங்கே பதிவாகியிருக்கிறது.

பேரரசன் தன் இறைவனுக்கு அளித்த கொடை அது. குற்றமற்ற மணி என்று புகழ்ந்து எழுதியிருந்தால் தடுப்பார் யார்? ஆயினும் உள்ள குற்றத்தை உள்ளவாறே பொறித்தார்கள். பொருள் கோயிலுக்கு உரியது, கைமாறிக் காணாமற் போகலாகாது என்ற எண்ணமே அதற்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும். எடையும் எண்ணும் மட்டும் எழுதினால் ஒரு கல்லை எடுத்து வேறொன்றை வைத்துவிடலாம். குற்றத்தையும் எழுதிவிட்டால் மாற்றுவது எளிதன்று. ஒரு வைரத்தின் அடையாளம் அதன் குற்றமே என்பதை நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கண்டிருந்தனர்.

கொல்லூர் முதல் சென்னை வரை

1720-களில் பிரேசில் நாட்டில் வைரம் கண்டறியப்படும் வரை, போர்னியோத் தீவில் கிடைத்த சிறிதளவு நீங்கலாக, உலகிற்கு வைரம் வழங்கியது இந்தியாவே. கோல்கொண்டா வைரம் என்று உலகம் புகழ்கிறது. ஆனால் கோல்கொண்டா சுரங்கமன்று, கோட்டையும் சந்தையுமே. சுரங்கங்களோ கிருட்டிணை நதியின் தென்கரையிலுள்ள கொல்லூர் முதலிய இடங்களில் இருந்தன. 17-ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த பிரெஞ்சு வணிகர் தாவர்னியே, 1676-இல் வெளிவந்த தம் பயண நூலில், கொல்லூரில் ஏறத்தாழ 60,000 பேர் உழைத்ததாகக் கூறுகிறார்.

வாங்கும் முறையைப் பற்றி அவர் எழுதியிருப்பவை சுவையானவை. ஐரோப்பியர் பட்டை தீட்டாத கல்லைப் பகலில் பார்க்க, இந்திய வணிகர் இரவில் பார்த்தனராம். சுவரில் ஓரடிச் சதுரமாக மாடம் அமைத்து, தடித்த திரியிட்ட விளக்கை அதில் வைத்து, விரல்களிடையே கல்லைப் பிடித்து நீரோட்டம் கண்டனர். கல்லில் நீலச் சாயை உண்டா என்று அறிய அடர்ந்த மரத்தின் பசுநிழலுக்குக் கொண்டு சென்றனர். விலை பேசுவதோ வாய் திறவாமல் நடந்தது. இருவர் கைகளும் துணிக்குள் இருக்கும். முழுக்கையைப் பற்றினால் ஆயிரம், ஒரு விரலைப் பற்றினால் நூறு, பாதி விரல் ஐம்பது, நுனி விரல் பத்து. பக்கத்தில் இருப்பவர்க்கும் விலை தெரியாது.

இவ்வணிகத்தில் சென்னைக்கும் பங்கு உண்டு. மத்தியதரைக் கடற் பவழத்தைக் கொண்டுவந்து கொடுத்து வைரத்தைக் கொண்டுசென்ற யூத வணிகர்கள் அங்கே வாழ்ந்தனர். பவழக்காரத் தெரு என்ற பெயர் அப்பவழ வணிகத்தின் நினைவாக இன்றும் நிற்கிறது. சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்த தாமசு பிட் 1702-இல் ஜாம்சந்து என்னும் வணிகரிடமிருந்து 410 காரட் எடையுள்ள கல்லை 48,000 வராகனுக்கு வாங்கினார். அது இலண்டனில் பட்டை தீட்டப்பெற்று, 1717-இல் பிரான்சின் அரசப் பிரதிநிதிக்கு விற்கப்பட்டு, இன்று பாரிசு நகரின் லூவர் காட்சிச்சாலையில் இருக்கிறது. ஐரோப்பிய வணிகர் கையாண்ட ‘மாங்கெலின்’ என்ற எடையின் பெயரும் நம் மஞ்சாடியிலிருந்து பிறந்ததே. எடை நமது, கல் நமது. ஆயினும் அந்நாளில் பெருங்கற்கள் சென்றடைந்தவை அரண்மனைகளும் கோயில்களும் கப்பல்களுமே.

புளூ ஜாகர்

நடுத்தரக் குடும்பத்துக் காதுகளுக்கு வைரம் பரவலாக வந்து சேர்ந்தது தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குப் பின்னரே எனலாம். 1867-இல் அந்நாட்டில் முதல் வைரம் கண்டெடுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் கிம்பர்லி போன்ற பெருஞ்சுரங்கங்கள் தோன்றின. முன்னெப்போதும் காணாத அளவில் வைரம் உலகச் சந்தைக்கு வந்தது.

அவற்றுள் ஒன்று 1870-இல் தொடங்கிய ஜாகர்சுபாண்டைன் சுரங்கம். நீலம் கலந்த வெண்மையுடைய கற்களுக்கு அது பெயர் பெற்றது. நம் பாட்டிமார்கள் ‘புளூ ஜாகர்’ என்று பெருமையோடு கூறிய சொல் அச்சுரங்கத்தின் பெயரே. தாம் காணாத கண்டத்தின் ஊர்ப்பெயரைத் தமிழ் இல்லங்கள் சமையலறைப் பேச்சில் வழங்கின என்பது எண்ணி மகிழத்தக்கது. ஆனால் அச்சுரங்கம் 1971-இலேயே மூடப்பட்டுவிட்டது. எனவே இன்று ஒரு கடையில் புதிய கல்லைக் காட்டிப் புளூ ஜாகர் என்று கூறினால், அது நிறத்தைப் புகழும் சொல்லேயன்றிப் பிறந்த ஊரைக் குறிக்கும் சொல்லன்று. சில வைரங்கள் வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டு நீலமாக ஒளிரும். அவ்வொளிர்வு கல்லிலுள்ள இள மஞ்சளை மறைத்து வெண்மையாகக் காட்டுவதும் உண்டு; மிகுந்தால் கல் பால்போல மங்கித் தோன்றுவதும் உண்டு.

ஏன் ஏழு கல்?

ஒரே அளவுள்ள வட்டங்களில் ஒன்றை நடுவில் வைத்தால், அதைச் சுற்றி மிகச் சரியாக ஆறு வட்டங்கள் இடைவெளியின்றி அமையும். ஐந்தெனில் இடம் மிகும். ஏழெனில் இடம் போதாது. ஏழு கல் தோட்டின் அழகுக்கு இக்கணக்கே அடிப்படை.

மற்றொரு கணக்கும் உண்டு. வைரத்தின் விலை எடையின் வர்க்கத்திற்கு ஏற்ப உயரும் என்று தாவர்னியே ஒரு விதி கூறியுள்ளார். அவ்விதிப்படி ஒரு பங்கு எடையுள்ள கல்லின் விலை 1 எனில், ஏழு பங்கு எடையுள்ள ஒற்றைக் கல்லின் விலை 49. அதே எடைக்கு ஏழு சிறு கற்களை வாங்கினால் விலை 7 மட்டுமே. இன்றைய சந்தையில் இவ்விதி அப்படியே செல்லாதாயினும், கல் பெரிதாகுந்தோறும் காரட் ஒன்றின் விலை ஏறும் என்பது மாறவில்லை. ஒற்றைக் கல் செல்வர்க்கு. ஏழு கற்களின் பூ சிக்கனமான இல்லத்தரசிக்கு. செலவைக் குறைத்து ஒளியைக் குறைக்காத அறிவு இதில் அடங்கியிருக்கிறது. ஆனால் தொல்லையும் ஒன்று உண்டு: இரு காதுக்கும் சேர்த்துப் பதினான்கு கற்களும் நிறத்திலும் அளவிலும் ஒத்திருக்க வேண்டும். ஒன்று மஞ்சளோடினால் மற்றப் பதின்மூன்றும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தேர்ந்து கொள்ளும் முறை

நாம் வாழும் இம்மும்பை மாநகர் இன்று வைர வணிகத்தின் பெருநிலையமாக விளங்குகிறது. 2010-இல் பாந்திரா–குர்லா வளாகத்தில் பாரத வைரச் சந்தை திறக்கப்பட்டது. உலகின் வைரங்களில் மிகப் பெரும்பகுதி பட்டை தீட்டப்படுவது அண்டையிலுள்ள சூரத்தில். ஆதலின் வாங்க விரும்புவோர் சிலவற்றை மனத்திற் கொள்வது நலம்.

முதலாவது, காரட் என்ற சொல் இரு பொருளுடையது. பொன்னில் அது மாற்று. வைரத்தில் அது எடை. ஒரு காரட் 200 மில்லிகிராம். அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். பத்துச் சென்ட் கற்கள் பதினான்கு எனில் தோட்டிணையின் வைர எடை 1.40 காரட். 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட ஹால்மார்க் முத்திரை பொன்னுக்கு மட்டுமே சான்று. வைரத்திற்குத் தனிச் சான்று கேட்டுப் பெறவேண்டும்.

இரண்டாவது, கடை விளக்கின் ஒளியில் எந்தக் கல்லும் மின்னும். வெயில் நேரே படாத பகலொளியில், வெள்ளைத் தாளின்மேல் கல்லைக் கவிழ்த்துப் பக்கவாட்டில் பார்த்தால் மஞ்சள் வெளிப்படும். பின்புறம் மூடிப் பதித்த தோட்டில் நிறத்தையும் குற்றத்தையும் காண்பது அரிது. ஆகையால் பதிக்குமுன்பே கற்களைப் பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, சுத்தியால் அடித்தாலும் வைரம் உடையாது என்று சோதிப்பது பேதைமை. கீறலைத் தாங்கும் கடினம் வேறு, அடியைத் தாங்கும் வலிமை வேறு. நல்ல வைரமும் அடிபட்டால் பிளக்கும்.

நான்காவது, செயற்கை வைர ஆக்கம் இன்று பெருவளர்ச்சி அடைந்துவிட்டது. ஆய்வகத்தில் வளர்ந்த கல்லும் வைரமே. கண்ணால் வேறுபாடு காண இயலாது, கருவியே காட்டும். அது விலை மிகக் குறைந்தது. அதை வாங்குவதில் இழிவு ஏதுமில்லை. ஆனால் எதை வாங்குகிறோம் என்பது பற்றுச்சீட்டில் தெளிவாக இருக்கவேண்டும்.

அணிந்தபின் தோடு மங்கினால் கல் கெட்டது என்று அஞ்சவேண்டா. வைரம் எண்ணெயை விரும்பிப் பற்றும் இயல்புடையது. கிம்பர்லியில் கொழுப்புப் பூசிய மேசையின்மேல் சரளையை நீரோடு ஓடவிட்டு, ஒட்டிக்கொள்ளும் வைரத்தைப் பிரித்தெடுத்தனர். தலையெண்ணெயும் தாளிப்புப் புகையும் அவ்வாறே படிகின்றன. பூந்திக்கொட்டை நீரில் மென்மையாகக் கழுவினால் ஒளி மீளும்.

தோடு யாருக்கு உரியது?

நம் குடியிருப்புகளில் பெண் பேச வருவோர், ‘வைரத்தோடு உண்டா?’ என்று கேட்பது இன்னும் முற்றும் மறையவில்லை. மகளுக்கு மகிழ்ந்து அளிப்பது வேறு. கேட்டதற்காகக் கடன்பட்டு அளிப்பது வேறு. பின்னதை 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. பெண்ணுக்கு அளித்த அணி அவளுக்கே முழுவுரிமை என்பதை 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் நிலைநாட்டியது. கணவன் வீட்டார் பாதுகாப்பில் இருந்தாலும் சீதனம் அவளுடையதே என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் தீர்ப்பளித்தது. மணமக்களுக்கு வரும் பரிசுகளை விவரத்தோடும் ஏறத்தாழவுள்ள மதிப்போடும் எழுதிக் கையொப்பமிட்டு வைக்கவேண்டும் என்ற விதியும் அவ்வாண்டில் வந்ததே.

எழுதி வைத்தல் என்பது நமக்குப் புதிதா? தஞ்சைக் கோயிலின் சுவர் அதைத்தானே சொல்கிறது? கற்கள் எத்தனை, எடை எவ்வளவு, நிறம் என்ன, எக்கல்லில் எக்குற்றம், யார் பெயரில் வாங்கியது என்று ஒரு தாளில் எழுதி, மகளின் கையில் தோட்டோடு சேர்த்துக் கொடுப்போமாக. மெருகிடவோ திருகாணி மாற்றவோ கடைக்குக் கொடுக்கும்போது அத்தாளே காவல். நெருக்கடி வரும் நாளில் அதை அடகு வைப்பதா, காப்பதா என்று முடிவு செய்யும் உரிமைக்கும் அத்தாளே சான்று.

இறைவனுக்கு அளித்ததையே குற்றம் மறையாமல் எழுதி வைத்த மரபில் வந்த நாம், நம் பெண்களுக்கு அளிப்பதையும் அவ்வாறே எழுதி அளித்தால், தோட்டின் ஒளியோடு அவர்தம் உரிமையும் விளங்கும். வாழ்க நம் மகளிர்! வளர்க நம் சங்கம்!