செங்குன்றம் முதல் சம்பு வரை

இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயிற் கிணற்றையொட்டி 1818-ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டொன்று, அந்நாளில் சென்னையின் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ் துரை, நகரத்தில் தண்ணீர்ப் பஞ்சம் நேர்ந்தபோது 27 கிணறுகளை வெட்டுவித்துப் புண்ணியாகவாசனமும் செய்வித்த செய்தியை, திருக்குறளில் நாடு என்னும் அதிகாரத்துக் குறளொன்றையும் எடுத்துக்காட்டிச் செய்யுள் நடையிலே உரைக்கின்றது. இப்படிச் செந்தமிழில் சாசனம் எழுதுவித்த உத்தியோகஸ்தரை அவருக்குப் பின் சென்னை கண்டதில்லை என்று துணிந்து சொல்லலாம். ஆனால் இங்கே நான் கருதுவது அவருடைய தமிழ்ப் பற்றையன்று. கிணறு வெட்டுவதோடு அதிகாரியின் கடமை தீர்ந்தது. ஜலம் தித்திக்கின்றதா, கரிக்கின்றதா, தெளிவாக இருக்கின்றதா என்று தீர்மானிக்கும் உரிமையும் பொறுப்பும் இறைத்துக் குடித்தவனிடமே இருந்தன.

மயிலாப்பூர், திருவான்மியூர் முதலிய கடற்கரை ஸ்தலங்களில் மணற்பாங்கான பூமியினடியில் மழைநீர் தேங்கி, கனத்த உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கின்றது. அளவாக இறைத்தால் தித்திப்பு. பேராசைப்பட்டு இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். இந்தச் சூட்சுமம் பாடப்புத்தகத்தின் உதவியின்றியே அங்குள்ள வீடுகளில் தெரிந்திருந்தது. குடிக்க ஒரு கிணறு, துவைக்க மற்றொன்று என்று பிரித்து வைத்திருந்தார்கள். கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளம் போன்ற குளங்களும், மாம்பலத்தை ஒட்டிப் பரந்து கிடந்த நெடிய ஏரியும் அக்கிணறுகளின் ஊற்றை வற்றாமற் காத்து வந்தன. கோட்டையிலிருந்த வெள்ளைக்காரர்களுக்குத்தான் 1772 முதல் ஏழுகிணற்று ஜலம் தனி ஏற்பாடாகக் கிடைத்து வந்தது.

குழாய் வந்தது 1872-இல். பிரேசர் என்னும் இஞ்சினியர் வகுத்த திட்டப்படி, கொசஸ்தலையாற்றைத் தாமரைப்பாக்கத்தில் அணை கட்டி மறித்து, சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் நீரைத் திருப்பி, திறந்த கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்துக்குக் கொணர்ந்து, அங்கிருந்து வார்ப்பிரும்புக் குழாய்களில் நகரத்துக்குள் விட்டார்கள். வடிகட்டுதல் கிடையாது. ஏரியில் இருந்தது எதுவோ அதுவே குழாயிலும் வந்தது. மழைக்காலத்துச் சேறும் கால்வாய்க்கரை அசுத்தங்களும் கூடவே வந்தன. ஆகவே சுகாதாரம் பேசிய கனவான்கள் குழாய் ஜலத்தை மெச்சினாலும், கிணற்றைத் தூர்க்க மனமில்லாதிருந்த மயிலாப்பூர்ப் பாட்டிமார்களின் அபிப்பிராயம் அறியாமை என்று தள்ளத்தக்கதன்று.

அக்குறையைத் தீர்த்தவர் ஜேம்ஸ் வெல்பி மேட்லி. தியாகராய நகரில் மேட்லி சாலையிலும் அவ்வூர் மேட்லி சுரங்கப்பாதையிலும் தினந்தோறும் போக்குவரத்து செய்கின்ற ஆயிரக்கணக்கானோரில், தங்கள் வீட்டுக் குழாய்க்கு மூலபுருஷர் பெயரைத்தான் உச்சரிக்கிறோம் என்று அறிந்தவர்கள் மிகச் சிலரே. 1907 முதல் 1914 வரை அவர் மூடிய கால்வாய், மணல் வடிகட்டிகள், நீரேற்றும் யந்திரங்கள், கீழ்ப்பாக்கத்து உயர்நிலைத் தொட்டி என்று ஒவ்வொன்றாக அமைத்தார். மெதுவாகக் கசியும் மணற்படுகையின் மேற்பரப்பில் சில நாட்களில் ஒரு வழுவழுப்பான ஏடு படியும். அதில் வாழும் நுண்ணுயிர்களே கிருமிகளைத் தின்று நீரைத் தூய்மை செய்கின்றன. ஏடு தடித்து நீர் இறங்காமற்போனால் மேல்மணலைச் சுரண்டி எடுப்பார்கள். ரசாயனத்தின் தயவின்றி இயற்கையின் உத்தியையே கையாண்ட இம்முறையின் எளிமை இன்றும் வியக்கத்தக்கது.

மேட்லியின் கணக்கு, 1961-இல் சென்னையின் ஜனத்தொகை 6.6 லட்சமாக இருக்கும், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 காலன் வீதம் போதும் என்பது. 1961-ஆம் வருஷத்து ஜனகணிதமோ 17 லட்சத்துக்கு மேல் காட்டியது. அவரைக் குறை கூறுவதற்கில்லை. எதிர்காலத்தை ஐம்பதாண்டு முன்னிட்டு நோக்கிய அதிகாரிகள் பின்னர் எத்தனை பேர்?

இதனிடையே 1920-களில், நகரம் வீட்டு மனைக்காக மாம்பலத்து நெடிய ஏரியை வற்றச் செய்து, அந்த ஏரிப்படுகையிலே பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரால் புதுநகர் ஒன்றை நிறுவியது. மேற்கு மாம்பலத்து லேக் வியூ சாலையிலிருந்து இன்று காணக்கிடைக்கின்ற ஏரி ஒன்றுமில்லை. அருகிலிருந்த நுங்கம்பாக்கம் ஏரியும் பிற்காலத்தில் அவ்வழியே சென்றது. அதன் படுகையில் எழுந்த வள்ளுவர் கோட்டத்துக்கருகில் குடிநீர் விநியோக நிலையம் இருப்பது, ஊரேரியைத் தூர்த்துவிட்டுத் தொலைவேரியின் நீரை வரவழைத்துத் தேக்கும் நமது ராஜதந்திரத்துக்குச் சரியான சின்னம். தொலைவேரி தேடிப் போனவர்களிலும் பெருந்தகைகள் உண்டு. மேயராக இருந்த சத்தியமூர்த்தி விடாப்பிடியாகப் பாடுபட்டதன் பயனாகப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு 1940-இல் அஸ்திவாரம் இடப்பட்டு 1944-இல் அது திறக்கப்பட்டபோது, அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

பிறகு நடந்ததே என் விஷயத்துக்கு முக்கியம். ஜனங்கள் பெருகப் பெருகக் குழாயில் அழுத்தம் குறைந்தது. மேல்மாடிக்கு ஏறாத ஜலம் தரைக்கும் ஏறாமற்போகவே, முற்றத்தில் குழி தோண்டிக் குழாயைத் தாழ்த்தி வைத்தார்கள். அதுவும் போதாதபோது குழாயிலேயே அடிபம்பைப் பொருத்தினார்கள். பின்னர் சம்பு என்னும் நிலத்தடித் தொட்டி, மோட்டார், மாடித் தொட்டி. இருபத்துநான்கு மணி நேரமும் நிரம்பியிருக்கும்படி அமைக்கப்பட்ட குழாயில் நாளைக்குச் சில மணி நேரமே நீர் விட்டால், மற்ற நேரம் அது வெறுமையாகக் கிடக்கும். அச்சமயத்தில் மோட்டார் உறிஞ்ச, துருப்பிடித்த இணைப்புகளின் விரிசல் வழியே அண்டையிலோடும் சாக்கடையின் கசிவு உள்ளே இழுக்கப்படும். கீழ்ப்பாக்கத்தில் பளிங்குபோல் புறப்பட்ட நீர் தெருமுனையில் நாற்றமெடுப்பதன் மர்மம் இதுதான். திருட்டு மோட்டார் வைப்பவன் அண்டை வீட்டார் பங்கைக் களவாடுவதோடு அவர்கள் வயிற்றையும் கெடுக்கிறான் என்பதை நாம் போதிய கோபத்தோடு நினைப்பதில்லை.

1978-இல் மாநகராட்சியிடமிருந்து இப்பணியைக் குடிநீர் வாரியம் ஏற்றது. 1983-இல் ஆந்திரத்தோடு ஒப்பந்தமாகி 1996-இல் கிருஷ்ணா நதிநீர் வந்தது. அறுபதுகளில் தொடங்கி, சாலையோரம் கிடந்த குழாய்களில் ஏழைகள் குடியேறும் அளவுக்குக் கைவிடப்பட்ட வீராணம் ஏரிநீர்த் திட்டம், புது உருவில் 2004-இல் நிறைவேறியது. அதற்கு முந்தைய வறட்சியில் குழாய் அநேகமாக ஓய்ந்து லாரியே நகரத்தின் ஏரியாக விளங்கிற்று. 2003-இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய சட்டம், நெடுங்காலத்துக்குப் பின் மயிலாப்பூர்க் கிணறுகளை நினைத்துச் செய்யப்பட்ட காரியம். ஆயினும் 2019-இல் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஜலம் வந்தது.

அடையாறு, திருவான்மியூர்ப் பகுதிகளுக்கு 2013 முதல் நெம்மேலியில் கடல்நீரைச் சவ்வின் வழியே செலுத்தி உப்பு நீக்கிய நீர், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கொள்ளளவுள்ள ஆலையிலிருந்து வருகின்றது. லாரியும் ஆழ்குழாயும் ஆண்ட காலத்தில், கடின நீருக்கு அஞ்சி வாங்கிய ஆர்.ஓ. யந்திரம் அவ்வீடுகளின் அடுக்களைச் சுவரில் இன்னும் தொங்குகின்றது. ஒரு முறை உப்பு நீக்கிய நீரை மறுமுறை உப்பு நீக்கி, பெரும்பகுதியைக் கழிவாகச் சாக்கடைக்கு அனுப்பி, கிருமி அண்டாமற் காப்பதற்கென்றே வாரியம் விட்டுவைத்த குளோரினையும் அகற்றிவிட்டு, அந்த ஜலத்தைப் பானையில் ஊற்றி வைக்கிறார்கள். குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டுமென்பது இந்தியத் தர நிர்ணயத்தின் விதி. அதைச் சொட்டுமருந்து விட்டு நிறம் பார்த்தே யாரும் ஒரு நிமிஷத்தில் அறிந்துகொள்ளலாம். ஆர்.ஓ.வுக்கு ஆண்டுதோறும் சர்வீஸ் பணம் கட்டும் வீடுகளில், அச்சோதனையைச் செய்து பார்த்ததும் சம்பைத் திறந்து கழுவியதும் எத்தனை என்று விசாரித்தால் வாரியத்தின் மேல் நாம் சுமத்தும் குற்றங்களிற் பாதிக்கு விடை அங்கேயே கிடைக்கும். மறுபாதி, மண்ணுக்கடியில் பழுத்துப்போன வார்ப்பிரும்புக் குழாய்களை மாற்றும் வரையில் வாரியத்தினுடையதே.