கல்கோட்டை நின்றது எதனால்?

தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்தபடி இன்றும் நிற்கிறது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரின் ஒப்புதலோடு டேனியர்கள் எழுப்பியது. கீழே கிடங்குகளும் சிறையும், மேலே ஆளுநர் குடியிருப்பும் தேவாலயமும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வந்தால் பாளையக்காரர்களின் மண்கோட்டை ஒன்றுகூட அப்படி முழுதாக எஞ்சவில்லை. வெள்ளைக்காரனுக்குக் கட்டத் தெரிந்தது, நம்மவர்களுக்குத் தெரியவில்லை என்று இதிலிருந்து எளிதாக முடிவு கட்டிவிடுகிறோம். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையினரே எழுதிவைத்த குறிப்புகள் வேறு கதை சொல்கின்றன.

1767-இல் கம்பெனிப் படையின் கர்னல் டொனால்ட் கேம்பல் ராஜபாளையத்துக்குத் தெற்கே வாசுதேவநல்லூர் மண்கோட்டையைத் தாக்கினார். பீரங்கி பிளந்த இடத்தையெல்லாம் உள்ளிருந்தவர்கள் குண்டுமழைக்கு நடுவிலேயே வைக்கோலும் பனையும் கொண்டு அடைத்ததைக் கண்டு அவரே மலைத்துப்போனார். கல் குண்டடி பட்டால் சிதறும்; பிசைந்து இறுகிய மண் குண்டை உள்வாங்கிக்கொள்ளும். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இதற்கு இன்னும் நல்ல சான்று. சுமார் 500 அடி நீளம், 300 அடி அகலம், பன்னிரண்டு அடி உயர மண்சுவர், சதுரக் கொத்தளங்கள், சுற்றிலும் முள்வேலி, அவ்வளவுதான். 1799-இல் இடிக்கப்பட்ட அதை, 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிவந்த ஒரு வாரத்துக்குள் மறுபடி எழுப்பிவிட்டார்கள். மார்ச் 31-இல் சுவரைப் பிளந்தும் கம்பெனிப் படையால் உள்ளே கால்வைக்க முடியவில்லை.

கடைசியில் மே 24-இல் விழுந்ததே என்று கேட்கலாம். விழுந்தது, கர்னல் அக்னியூ கூடுதல் படையோடு வந்த பிறகு. அதே மே மாதத்தில்தான் ஆங்கிலேயர் தரங்கம்பாடியையும் பிடித்தார்கள். அங்கே இப்படி ஒரு போர் நடக்கவில்லை. 1699-இல் தஞ்சை மராட்டியரின் முற்றுகையை டேன்ஸ்போர்க் தாங்கியதே என்றால், அப்போது ஆங்கிலேயர் துணைக்குப் படை அனுப்பியிருந்தார்கள். டேனியர்களைக் கோழைகள் என்று சொல்ல வரவில்லை. வாங்கி விற்க வந்தவர்களுக்குக் கிடங்கைக் காக்க ஒரு மதில் போதும்.

மண்ணை மழை கரைத்திருக்கும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஆனால் மண்சுவர் ஆண்டுதோறும் பூசிப் பராமரிப்பதற்கென்றே கட்டப்படுவது. 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கையோடு கம்பெனியின் மேஜர் பானர்மேன் பாளையக்காரர் கோட்டைகளை இடிக்க ஆணையிட்டார். 1801-க்குப் பின் பூசுவதற்கு ஆளும் இல்லை, அனுமதியும் இல்லை. டேன்ஸ்போர்க்கை இடிக்க எவருக்கும் அவசியம் ஏற்படவில்லை. பிறகு டேனியர்களிடமே திரும்பியிருந்த தரங்கம்பாடி, 1845-இல் வங்கத்திலிருந்த அவர்களது செராம்பூரோடு சேர்த்து பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் கைமாறியது.