ரயில் வராத நிக்கோடெமஸ்: கன்சாஸ் சிற்றூர் ஒன்றின் வரலாறும் புவியியலும்

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து வடமேற்கில், கிரஹாம் கவுண்டியில், சாலமன் ஆற்றின் தென்கிளைக்கு வடக்கே நிக்கோடெமஸ் இருக்கிறது. நகராட்சி கிடையாது, மேயர் கிடையாது; குடியிருப்போர் 20 பேர்கூட இல்லை. 1888இல் ரயில் பாதை விலகிப்போனதோடு இவ்வூரின் கதை முடிந்தது என்று சொல்லிவிடுவது வழக்கம். ஊரில் இன்றும் நிற்கும் கட்டடங்கள் அதை ஒப்பவில்லை.

ஹில் என்ற வெள்ளையர் நிலத்தரகரும், டபிள்யூ. எச். ஸ்மித் உள்ளிட்ட கறுப்பினத்தவர் சிலரும் 1877இல் ஒரு குடியேற்ற நிறுவனம் தொடங்கினர். அடிமைமுறை ஒழிந்து பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த நேரம். சொந்த நிலம் கிடைக்கும் என்ற விளம்பரத்தை நம்பி, அந்தச் செப்டம்பரில் கென்டக்கியிலிருந்து 300க்கும் மேற்பட்டோர் எல்லிஸ் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து புல்வெளியூடே வடக்கு நோக்கி நடந்தார்கள்.

மரம் செழித்த நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே வீடு கட்டக்கூட மரம் அகப்படவில்லை. தரையைக் குடைந்து, மேலே கூரை போட்டு, மண்ணுக்குள்ளேயே குடியிருந்தார்கள். 1878இல் வந்த வில்லியானா ஹிக்மன் ஊர் எங்கே என்று கேட்டபோது, தரையிலிருந்து எழும் புகையைத்தான் காட்டினார்கள். அதைக் கண்டு அவர் அழுதுவிட்டார். விதைப்புப் பருவம் தவறியிருந்ததால் முதல் குளிர்காலம் பட்டினியில் கழிந்தது. வேட்டை முடித்துத் திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் பகிர்ந்த உணவு பலரைக் காத்தது. இவ்வூர் வரலாற்றில் அந்த உதவிக்கு இன்னும் பெரிய இடம் தரவேண்டும்.

அடுத்த பத்தாண்டில் கடைகள், விடுதி, பள்ளிக்கூடம், இரண்டு செய்தித்தாள்கள் எல்லாம் வந்தன. இவ்வூரில் குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882இல் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ரயில் வந்துவிட்டால் இனிக் கவலையில்லை என்று நம்பி, மிசௌரி பசிபிக் நிறுவனத்துக்காக 16,000 டாலர் கடன்பத்திரத்துக்கு மக்கள் வாக்களித்தனர். பாதை வரவில்லை. 1888இல் யூனியன் பசிபிக் ஆற்றின் தென்புறமாகத் தண்டவாளம் போட்டது. வணிகர்கள் ஆற்றைக் கடந்து அங்கே போனார்கள். தண்டவாளம் போட்டவர்கள் தங்கியிருந்த முகாமே போக் என்ற ஊரானது.

அத்தனை அடிக்குப் பிறகும் ஊர் புதிதாகக் கட்டிக்கொண்டேயிருந்தது. பாப்டிஸ்ட் தேவாலயம் 1907இல் எழுந்தது. பள்ளிக் கட்டடம் 1918இல். சுண்ணாம்புக்கல்லால் ஆன டவுன்ஷிப் மண்டபம் 1939இல்தான் முடிந்தது. கடைத்தெரு போனாலும் கோதுமை விளையும் நிலம் குடும்பங்களின் பெயரில் இருந்ததே இதற்குக் காரணம் என்பது என் கணிப்பு. ரயில் வணிகர்களைத்தான் இழுத்துக்கொண்டு போனது. உழுதவர்களின் காலை உடைத்தவை 1930களின் வறட்சியும் புழுதிப் புயல்களும். 1953இல் அஞ்சலகம் மூடப்பட்டதை அந்தச் சரிவின் தொடர்ச்சியாகவே பார்க்கவேண்டும்.

1996இல் நிக்கோடெமஸ் தேசிய வரலாற்றுத் தலமானது. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் 1834 ஆகஸ்ட் 1 அன்று பிறந்த விடுதலையை நினைத்து இவ்வூரார் தொடங்கிய விழா, இன்று ஆண்டுதோறும் கோடையில் சொந்தபந்தங்கள் ஊர் திரும்பும் கூடலாக நடக்கிறது. முதல் குடியேறிகளின் வழிவந்தவர்கள் பல மாநிலங்களிலிருந்தும் இதற்கு வருகிறார்கள்.